உண்ணியைப் பின்தொடர்ந்த மருத்துவர்

ஆடு மாடு வளர்க்கும் இல்லங்களில் உண்ணியை அறியாத சிறுவர் இரார். மாட்டின் காதுமடலிலும் கழுத்தடியிலும் இரத்தம் குடித்துப் பருத்துத் தொங்கும் அதனைப் பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்த வேலைக்குச் செல்கிறோம். அச்சிற்றுயிரின் பின்னே சென்று, மனிதரைக் கொல்லும் காய்ச்சலொன்றின் வழியைக் கண்டறிந்த ஹோவர்ட் டெய்லர் ரிக்கெட்ஸ் என்பாரைக் குறித்து இங்கே சில சொல்ல விழைகிறோம்.

இவர் 1871-ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 9-ஆம் நாள் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தார். 1897-இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1902 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நோயியல் பயிற்றுவித்து வந்தார். அமைதியான ஆசிரியப் பணியிலேயே அவர் வாழ்நாள் கழிந்திருக்கலாம். ஆயினும் 1906-இல் மொன்டானா மாநிலத்துப் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கு அவரை அழைத்தது. பிட்டர்ரூட் என்றால் கசப்பு வேர். அங்கு முளைக்கும் ஒரு செடியின் பெயர் அது.

அப்பள்ளத்தாக்கில் இளவேனில் வந்ததும் ஒரு காய்ச்சலும் வரும். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சிவந்த புள்ளிகள் தோன்றி உடலெங்கும் பரவும். நோயுற்ற பத்துப் பேரில் ஏழு பேரளவில் மாண்டனர். அண்டையிலுள்ள ஐடஹோவிலோ அதே காய்ச்சலால் இறந்தோர் நூற்றுக்கு ஐவர் அளவே. மற்றொரு புதிரும் உண்டு. ஆற்றின் மேற்குக் கரையில்தான் நோய் மிகுதி. கிழக்குக் கரையில் அரிது. மேற்கு மலைகளிலிருந்து உருகி வரும் பனிநீரே காரணம் என்று மக்கள் நம்பினர். உண்ணியே காரணமாகலாம் என்று மருத்துவர் சிலர் கூறியபோது நிலம் விற்போர் சினந்தனர். மனைகளின் விலை சரியுமே! இத்தகைய கணக்கு எந்நாட்டுக்கும் பொதுவானது போலும்.

ரிக்கெட்ஸ் மிசூலா நகரில் கூடாரம் அமைத்து ஆய்வைத் தொடங்கினார். நோயாளியின் இரத்தத்தைக் கினிப் பன்றிக்குச் செலுத்தினார்; அதுவும் நோயுற்றது. நோயுற்ற பன்றியைக் கடித்த உண்ணியை நலமுள்ள மற்றொன்றின் மேல் விட்டார். அதற்கும் காய்ச்சல் கண்டது. பின்னர், தாய் உண்ணியின் முட்டை வழியாகக் குஞ்சுகளுக்கும் நோய் இறங்குவதைக் கண்டார். காட்டில் நோய் ஆண்டுதோறும் அழியாமல் நிலைப்பதற்கு இது ஒரு காரணம். உண்ணிக்கு எட்டுக் கால்கள் இருத்தலால் அதனைச் சிலந்தியின் உறவாகக் கொள்வர், பூச்சியினத்தில் சேர்ப்பதில்லை. எனினும் இவ்வாய்வைப் பூச்சியியலார் தங்கள் துறைக்கு அணுக்கமானதாகவே கருதுகின்றனர்.

1909-இல் நோயாளிகளின் இரத்தத்திலும் உண்ணியின் முட்டையிலும் மிக நுண்ணிய உருக்களை அவர் கண்டார். கிருமி வளர்க்கும் வழக்கமான கலங்களில் அவை வளரவில்லை. உயிருள்ள அணுக்களுக்குள்ளேயே வாழும் இயல்பினவாதலால் அவை அவ்வாறு வளரா என்பது பின்னரே தெளிவாயிற்று.

மொன்டானாவிலிருந்து பொருளுதவி தடைப்பட்டது. எனவே 1909 டிசம்பரில் ரிக்கெட்ஸ், தம் உதவியாளர் ரசல் வைல்டருடன் மெக்சிகோ நகருக்குச் சென்றார். அங்கே டைஃபஸ் காய்ச்சல் ஏழை மக்களை வாட்டிக்கொண்டிருந்தது. உடற்பேன் அதனைப் பரப்புவதை ட்யூனிஸ் நகரில் சார்ல் நிக்கோல் அவ்வாண்டே நிறுவியிருந்தார். மெக்சிகோவிலும் பேனே பரப்புகிறது என்பதை இவ்விருவரும் உறுதிசெய்தனர். அந்த ஆய்விலேயே ரிக்கெட்ஸை நோய் பற்றிக்கொண்டது. 1910 மே 3-ஆம் நாள், தம் 39-ஆம் வயதில், அவர் இறந்தார். அப்போது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி அவருக்காகக் காத்திருந்தது. அவருக்கு மனைவியும் இரு குழந்தைகளும் இருந்தனர். மற்றெல்லா ஆய்வுகளையும்விட இதுவே நம் உள்ளத்தை உறுத்துகிறது.

ஐந்தாண்டுக்குப் பின், 1915-இல், ஜெர்மனியில் இதே நோயை ஆராய்ந்த ஸ்டானிஸ்லாஸ் ப்ரோவசெக்கும் இதே நோயால் மாண்டார். 1916-இல் பிரேசில் நாட்டு அறிஞர் என்ரிக்கே ட ரோச்சா லீமா, டைஃபஸ் கிருமிக்கு ரிக்கெட்ஸியா ப்ரோவசெக்கி எனப் பெயரிட்டு இறந்த இருவரையும் ஒரே பெயரில் இணைத்தார்.

நம் தமிழகத்தில் உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைஃபஸும் இக்குடும்பத்து நோயே. புதர்களிலுள்ள நுண்ணிய சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் அது வருகிறது. ஆரம்பத்திலேயே கண்டறிந்தால் டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்துகளால் குணமாகும். நீடித்த காய்ச்சலுடன் அக்குளிலோ இடுப்பிலோ வலியற்ற கரும்பொருக்கு தென்பட்டால் அதனை மருத்துவரிடம் காட்டத் தவற வேண்டாம்.