உஷார்! ஷிஃப்டை அழுத்தி வரும் கோணத்தை அப்படியே எழுதிவிடாதீர்கள்

கொல்கத்தாவின் டாக்குரியாவில் அறை எடுத்துத் தங்கி, அடுத்த ஸ்டேஷனான யாதவ்பூருக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகளே, லேக் மார்க்கெட் பக்கம் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள். சயின்டிபிக் கால்குலேட்டரில் ஷிஃப்டை அழுத்தி சைன், காஸ், டேன் பொத்தான்களைத் தொடும் இடத்தில்தான் மார்க் பறிபோகிறது. சைன் இன்வெர்ஸிலோ காஸ் இன்வெர்ஸிலோ 1.2 மாதிரி கொடுத்தால் மட்டும் 'எர்ரர்' காட்டும். மற்ற தப்புகளுக்கு எந்த எச்சரிக்கையும் கிடையாது. தப்பான விடையும் சரியான விடை மாதிரியே பத்து இலக்கத்தில் வந்து நிற்கும்.

முதலில் மோடைப் பாருங்கள். 0.5-க்கு சைன் இன்வெர்ஸ் போட்டால் டிகிரியில் 30, ரேடியனில் 0.5236, கிரேடியனில் 33.33. இந்தக் கிரேடியன், முழு வட்டத்தை 400 பங்காக்கும் அலகு. நம் பாடத்தில் வராது, ஆனால் கால்குலேட்டரில் இருக்கிறது. மூன்றில் இதுதான் மோசமானது என்பேன். 0.5236 வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். 33.33 வந்தால் வராது, எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். கேசியோவில் திரையின் மேலே டி, ஆர், ஜி என்று பொடி எழுத்து ஒன்று தெரியும், அதைப் பாருங்கள். இரவல் கால்குலேட்டர் என்றால் கையில் வாங்கியதும் மைனஸ் 1-க்கு காஸ் இன்வெர்ஸ் போடுங்கள். 180 வந்தால் டிகிரி, 3.14159 வந்தால் ரேடியன், 200 வந்தால் கிரேடியன். செல்போனில் இன்னும் ஜாக்கிரதை. சில போன்களில் பொத்தான் மேல் எழுதியிருப்பது இப்போதைய மோடு அல்ல, அழுத்தினால் மாறப்போகும் மோடு.

கேட் தேர்வு எழுதுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே சொந்தக் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. திரையில் வருவதை மவுஸால்தான் இயக்க வேண்டும், அதிலும் டிகிரியா ரேடியனா என்று தேர்வு செய்யும் இடம் உண்டு. எண்ணையே விடையாகத் தட்டச்சு செய்யும் கேள்விகளில் நான்கு விருப்பங்கள் இல்லை, அதனால் தப்பு பண்ணியது தெரியவே தெரியாது.

மோடு சரியாக இருந்தாலும் தப்பிக்க முடியாத இடம் ஒன்று உண்டு, அதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. டாக்குரியா ஏரியை, அதாவது இன்றைய ரவீந்திர சரோவரை, சுற்றி சர்வே செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடு 40 மீட்டர் தெற்கே, 30 மீட்டர் மேற்கே போகிறது. வடக்கும் கிழக்கும் பிளஸ் என்பதால் இரண்டுமே மைனஸ். மைனஸ் 30-ஐ மைனஸ் 40-ஆல் வகுத்தால் பிளஸ் 0.75. டேன் இன்வெர்ஸ் 36.87 டிகிரி என்கிறது. அது வடகிழக்கு! உண்மையான பேரிங், அதாவது வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் அளக்கும் கோணம், 216.87. வகுக்கும்போதே குறி தொலைந்துவிட்டது. டேன் இன்வெர்ஸ் மைனஸ் 90-க்கும் 90-க்கும் இடையில்தான் பதில் சொல்லும், மீதி அரை வட்டம் அதற்குத் தெரியாது. தென்மேற்கே போக வேண்டிய கோடு வரைபடத்தில் நேர் எதிரே திரும்பிவிடும். எவரெஸ்டின் உயரத்தை 1852 வாக்கில் கணக்கிட்ட ராதாநாத் சிக்தார் இதே கொல்கத்தாவில் திரிகோணவியல் டேபிளை வைத்துத்தான் வேலை செய்தார். டேபிளில் 90 டிகிரி வரைதான் இருக்கும், எந்தக் கால்வட்டம் என்பதைக் கணக்குப் போடுகிறவரே தீர்மானிக்க வேண்டும். அந்த வேலை இன்றும் நம்முடையதுதான்.

வழி இருக்கிறது. கேசியோவில் 'போல்' என்றொரு வசதி உண்டு. வடக்கு தூரம் முதலில், கிழக்கு தூரம் அடுத்து: மைனஸ் 40, மைனஸ் 30. நீளம் 50, கோணம் மைனஸ் 143.13 என்று வரும். 360-ஐக் கூட்டினால் 216.87. இதை 216 டிகிரி 87 நிமிடம் என்று மட்டும் படித்துவிடாதீர்கள்! அது 216 டிகிரி 52 நிமிடம்.

முக்கோணக் கணக்கிலும் இதே கண்ணி. சைன் 0.8 என்றால் கால்குலேட்டர் 53.13 மட்டும் சொல்லும், 126.87-க்கும் சைன் 0.8 என்பதைச் சொல்லாது. விரிகோணம் இருக்கலாம் என்று தோன்றினால் காஸ் விதிக்குப் போங்கள். காஸ் இன்வெர்ஸ் 0 முதல் 180 வரை தரும்.

பிளஸ் டூ பிள்ளைகளே, மைனஸ் 1-க்கு காட் இன்வெர்ஸ் என்.சி.இ.ஆர்.டி. புத்தகப்படி 135 டிகிரி. கால்குலேட்டரில் காட் பொத்தான் இல்லாததால் டேன் வழியாகப் போவீர்கள், அது மைனஸ் 45 காட்டும். சரியாகப் போட்ட விடையை அடித்துவிடாதீர்கள்.

ப்ராஜெக்டுக்கு எக்செல் பயன்படுத்துகிறவர்கள் கவனியுங்கள். எக்செல் கோணத்தை ரேடியனில்தான் தரும். இரண்டு எண் கேட்கும் 'ஏட்டன்2'-வில் எக்செல் எக்ஸை முதலில் கேட்கும், பைதானும் சி-யும் ஒய்யை முதலில் கேட்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே காப்பி செய்தால் கோணங்கள் புரண்டுவிடும். சப்மிட் செய்யும் முன் எக்ஸ் 0, ஒய் 1 கொடுத்து ஓட்டிப் பாருங்கள். 1.5708 வர வேண்டும். 0 வந்தால் வரிசையை மாற்றுங்கள்.