சாம்பல் சாலையிலிருந்து மேம்பாலம் வரை

சால்ட் லேக் முதலில் காகிதத்தில் பிறந்து, பிறகு மண்ணுக்கு வந்த ஊர். கொல்கத்தாவின் கிழக்கு ஓரத்தில் 1960களுக்கு முன்னால் இங்கே உப்பு ஏரிகளும், ‘பேரி’ என்று வங்காளிகள் சொல்லும் மீன் வளர்ப்புக் குளங்களும்தான் இருந்தன. முதலமைச்சர் பிதான் சந்திர ராய் காலத்தில், 1962இல், ஏரியைத் தூர்க்கும் வேலை தொடங்கியது. நகரத் திட்டத்தை வரைந்தவர் யூகோஸ்லாவியக் கட்டடக் கலைஞர் தோப்ரிவோயே தோஷ்கோவிச். ஹூக்ளி ஆற்றின் அடியிலிருந்து வாரிய வண்டலைத் தண்ணீரோடு கலக்கிக் குழாய் வழியே கொண்டுவந்து கொட்டினார்கள். நிலம் இறுகியதும் சாலை வந்தது, சாலைக்குப் பிறகுதான் வீடுகள். முதலில் குடிவந்தவர்கள் பார்த்ததெல்லாம் கண்ணுக்கெட்டிய தூரம் மணலும் நாணற்பூவும்.

மேசைமேல் மாதிரி ரயில் அமைப்பவரும் இதே வரிசையில்தான் போகிறார். பலகை, மண், தண்டவாளம், சாலை, கடைசியில் வீடும் மரமும். ‘லேஅவுட்’ என்று அவர்கள் சொல்லும் அந்தச் சிற்றுலகில் ரயிலைவிடச் சிரமம் கொடுப்பது சாலை. எஞ்சினைக் கடையில் வாங்கிவிடலாம். நெடுஞ்சாலையை நாமேதான் செய்தாக வேண்டும். அதுவும் பார்த்த மாத்திரத்தில் ‘இது நம்ம ஊர் ரோடு’ என்று வாய் சொல்லும்படி. கொல்கத்தாவில் இந்த வேலை வெளிநாட்டு மாதிரி ரயில்கள் வந்த பிறகு தொடங்கியது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நமக்கு ஆவணி அவிட்டம் வரும் பௌர்ணமியை ஒட்டி வங்காளத்தில் ஜூலன் விழா வரும். ராதையையும் கிருஷ்ணனையும் ஊஞ்சலில் வைத்து ஆட்டுவார்கள். பெரியவர்களுக்கு அது பூஜை. பிள்ளைகளுக்கோ அந்த ஊஞ்சலைச் சுற்றி ஓர் ஊரையே பரப்பும் நாட்கள். மரம் அறுக்கும் பட்டறையில் மரத்தூள் வாங்கிப் பச்சைச் சாயம் ஏற்றினால் புல்வெளி. சேற்றில் நனைத்த பழந்துணியைச் செங்கல் குவியல்மேல் போர்த்தினால் மலை. உடைந்த கண்ணாடி குளமாகிவிடும். செங்கல் பொடியைத் தூவினால் கிராமத்துச் செம்மண் பாதை, அடுப்புச் சாம்பலைத் தூவினால் தார் ரோடு. அதன்மேல் களிமண் பொம்மைகள்: மீன்காரி, போலீஸ்காரர், சிப்பாய். ஒரு தகர லாரியும், மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் பாதி நுழைந்த ரயிலும் இருந்துவிட்டால் அந்தத் தெருவிலேயே அந்த வீட்டுக்குத்தான் பெயர்.

தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொலுப்படிக்கு முன்னால் ‘பார்க்’ கட்டிய கைகள் நம்முடையவை. பத்து நாள் முன்னாலேயே கடுகும் கேழ்வரகும் விதைத்துப் பயிர் எழுப்பி, மணலைக் கரைகட்டி, கண்ணாடிக் குளத்தில் வாத்து மிதக்கவிட்டு, கருங்கல் மலையில் முருகனை ஏற்றி, அடிவாரத்தில் கரிப்பொடி ரோட்டில் பஸ் பொம்மையை நிறுத்துவோம். கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கம் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் கொலுவும், பக்கத்து வீட்டு வங்காளிப் பிள்ளைகளின் ஜூலனும் ஒரே கலையின் இரண்டு கிளைகள் என்பது என் உறுதியான எண்ணம். அந்தப் பிள்ளைகளுக்கு அளவு தெரியாது. பஸ்ஸைவிட வாத்து பெரிதாக இருக்கும். ஆனால் ரோட்டில் மாடு படுத்திருக்கும், ஓரத்தில் டீக்கடை இருக்கும், ரயில் கேட் மூடியிருந்தால் ரிக்‌ஷா காத்து நிற்கும். தினமும் பார்த்த தெருவைத்தான் அவர்கள் தரையில் பரப்பினார்கள்.

இன்று பொருளுக்குக் குறைவில்லை. நைலான் நார்களை மின்னூட்டம் கொடுத்துப் பசைமேல் நிமிர்ந்து நிற்கவைக்கும் செயற்கைப் புல், முப்பரிமாண அச்சில் வரும் கைப்பிடிச் சுவர், அரிசிமணி அளவு எல்.இ.டி. விளக்குகள் எல்லாம் வந்துவிட்டன. விளக்கும் கம்பியும் மோட்டாரும் கொல்கத்தா சாந்தினி சௌக் கடைகளிலேயே கிடைக்கும். ஜெர்மனியின் ஃபாலர் நிறுவனம் 1989இல் கொண்டுவந்த முறையில், சாலைக்கு அடியில் கம்பி ஒன்று புதைந்திருக்கும். வண்டியின் முன்சக்கரத்தோடு இணைந்த காந்தம் அந்தக் கம்பியைப் பின்தொடர, பஸ் தானாக வளைந்து ஓடும். 2001இல் ஹாம்பர்க்கில் திறந்த மினியாட்டூர் வுண்டர்லாண்டில் இப்படி ஓடும் வண்டிகளைப் பார்க்க உலகமே வருகிறது. நம் நாட்டில் புனேயில் பாவ் ஜோஷி தன் வாழ்நாள் ஆசையை 1998இல் அருங்காட்சியகமாகத் திறந்தார். ரயிலோடு மேம்பாலமும் சர்க்கஸ் கூடாரமும் சேர்ந்த ஒரு நகரமே அங்கே இருக்கிறது. இந்தியாவில் ஒருவர் இதைச் செய்து நிலைநாட்டினார் என்பது பெரிய தைரியம்.

ஆனால் வெளிநாட்டுப் பெட்டியில் வரும் சாலை நம் சாலையாக இருப்பதில்லை. வண்டிகள் வலப்பக்கம் ஓடும். வெள்ளைக் கோடு எங்கும் அழியாது. ஓரம் கத்தியால் வெட்டினதுபோல் நேராக இருக்கும். மனிதர் நடமாட்டம் கிடையாது. அதை அப்படியே ஒட்டிவிட்டு அதன்மேல் ஹௌரா ரயிலை ஓட்டினால் கண் ஏற்க மறுக்கிறது.

நல்ல ரோடு போடுவது பொறுமை கேட்கும் வேலை. மிக நைஸான உப்புத்தாளைப் பலகையில் ஒட்டிச் சாயம் பூசுவது பழைய வழி. இன்றும் அதை மிஞ்சியது இல்லை. கறுப்பை மட்டும் பூசவே கூடாது. புதுத் தார்தான் கறுப்பு. இரண்டு கோடை போனால் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு தடத்தின் நடுவிலும் எண்ணெய் சொட்டிய கருமை ஓடும், சக்கரம் படும் இடம் மெருகேறியிருக்கும், ஒட்டுப்போட்ட சதுரங்கள் மட்டும் பளிச்சென்று கறுத்திருக்கும். மழைநீர் வடிய ரோட்டின் முதுகு சற்றே உயர்ந்திருக்க வேண்டும். நிஜத்தில் இரண்டரை சதவீதச் சரிவு. 87இல் ஒரு பங்கான ஹெச்.ஓ. அளவில் ஒரு தடத்துக்கு ஒரே ஒரு மில்லிமீட்டர். அந்த ஒரு மில்லிமீட்டரை விட்டுவிட்டால் சாலை தட்டையான அட்டையாகவே தெரியும்.

ஓரங்கள் ஊருக்கு ஊர் மாறும். நம் பக்கம் செம்மண், புளியமரம். வங்காளத்தில் நிலம் தாழ்வு. சாலையையும் தண்டவாளத்தையும் கரை எழுப்பி அதன்மேல்தான் போட முடியும். கரைக்கான மண்ணை இரு பக்கமும் தோண்டி எடுத்த பள்ளங்களில் தண்ணீர் நின்று நீண்ட குளங்களாகிவிட்டன. ‘நயன்ஜுலி’ என்று அவற்றுக்குப் பெயர். ஆகாயத்தாமரையும் அல்லியும் மிதக்க, யாராவது தூண்டில் போட்டுக்கொண்டிருப்பார்கள். வங்காள நெடுஞ்சாலையைச் செய்பவர் எதை விட்டாலும் இந்தத் தண்ணீரை விடக்கூடாது.

இனி, சாலையும் ரயிலும் சந்திக்கும் இடத்துக்கு வருவோம். எந்த லேஅவுட்டுக்கும் அதுதான் உயிர். அன்றைக்கு அந்த இடத்தில் கேட் இருந்தது. இருவழிச் சாலை 7 மீட்டர் என்றால் ஹெச்.ஓ.வில் 8 சென்டிமீட்டர். இரண்டு தடுப்புக் கம்பங்கள், கேட்கீப்பரின் சிறு அறை, மூடிய கேட்டுக்கு முன் நிற்கும் பஸ், ஜன்னலுக்கு ஜன்னல் ஜால்முரி என்ற காரப்பொரியை நீட்டும் பையன், குனிந்து சைக்கிளை நுழைத்துக்கொண்டு போகும் அவசரக்காரர். இவ்வளவும் ஒரு சதுர அடியில் அடங்கும்.

இன்றைக்கு அந்த இடத்தில் பாலம் வருகிறது. தேசிய நெடுஞ்சாலைகளில் ரயில் கேட்டே இருக்கக்கூடாது என்று 2016 மார்ச்சில் மத்திய அரசு சேது பாரதம் திட்டத்தை அறிவித்தது. 208 இடங்களில் பாலம். அகலப் பாதையில் ஆளில்லா லெவல் கிராசிங்குகள் 2019 ஜனவரியோடு முடிந்தன. எத்தனை உயிர்களைக் காத்த வேலை; அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மேசையில் அதைச் செய்யும்போதுதான் கணக்கு இடிக்கிறது. மின்கம்பிக்கும் மேலே போக வேண்டியிருப்பதால் பாலத்தின் தளம் தண்டவாளத்திலிருந்து சுமார் 8 மீட்டர் உயரத்தில் நிற்கும். முப்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம் என்று வைத்தால் ஒரு பக்கச் சரிவு மட்டும் 240 மீட்டர். ஹெச்.ஓ.வில் அது இரண்டே முக்கால் மீட்டர்! வீட்டில் போடும் எட்டடி மேசை இரண்டரை மீட்டர்கூட இல்லை. அகலமும் அப்படித்தான். நடுத்திட்டும் ஓரமும் சேர்ந்த நான்குவழிச் சாலை 25 மீட்டர் பிடித்தால், நாலடி மேசையில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடும்.

இதற்குச் சில வழிகள் உண்டு. தண்டவாளத்தைத் தாழ்வான வெட்டில் ஓடவிட்டால் பாலம் அவ்வளவு எழும்ப வேண்டாம். 160இல் ஒரு பங்கான ‘என்’ அளவுக்கு மாறினால் சரிவு ஒன்றரை மீட்டரில் முடியும். சால்ட் லேக் அடுக்குமாடி வீடுகளுக்கு அது ஒத்துவரும். பின்னால் போகப் போகச் சாலையைக் குறுக்கி, சிறிய அளவு வண்டிகளை நிறுத்தித் தூரத்தைக் காட்டுவோரும் உண்டு. எனக்குப் பிடித்தது, பாலத்தை மேசை ஓரத்தில் அப்படியே வெட்டி நிறுத்துவது. அடியில் தூண்கள், தூண்களின் நிழலில் லாரி பட்டறை, வெற்றிலைக் கடை. நம் மேம்பாலங்களின் உண்மையான வாழ்க்கை அடியில்தானே நடக்கிறது.

சால்ட் லேக்வாசிக்கு இந்த விஷயத்தில் ஓர் அதிர்ஷ்டம் அடித்திருக்கிறது. நெடுங்காலம் இந்த ஊருக்குள் ரயிலே கிடையாது. உல்டாடாங்காவில் உள்ள பிதான்நகர் ரோடு ஸ்டேஷனுக்குப் போய்த்தான் சியால்தா லோக்கல் பிடிக்க வேண்டும். 2020 பிப்ரவரியில் செக்டார் ஐந்திலிருந்து சால்ட் லேக் ஸ்டேடியம் வரை மெட்ரோ கிரீன் லைன் ஓடத் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் அது ஹௌரா மைதானம் வரை முழுமையானது. ஊருக்குள் அது தூண்களின்மேல், ஆள் நடக்கும் தெருக்களுக்கு மேலே போகிறது. நம் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர்; அதை ஹெச்.ஓ.வுக்குச் சுருக்கினால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும். கடையில் கிடைப்பதோ 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம். சியால்தா லோக்கலை அதில் வைத்தால் கால் ஒடுங்கித் தெரியும். கிரீன் லைன் மட்டும் 1,435 மில்லிமீட்டர் பாதை, 16.5 அதற்கு அச்சாகப் பொருந்தும். மின்சாரம் மூன்றாவது தண்டவாளத்தில் வருவதால் மேலே கம்பி கட்டும் தொல்லையும் இல்லை. சாலையும் ரயிலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போகும் இந்தக் காட்சியைச் செய்யப் புகைப்படம் தேட வேண்டாம். சால்ட் லேக் கருணாமயியில் போய் நின்றால் போதும்.

வண்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹூக்ளிக்கு அக்கரையில் உத்தர்பாராவில் பிறந்த அம்பாசடர், ஹெச்.ஓ.வில் ஐந்து சென்டிமீட்டர் நீளம். 2014இல் அதன் உற்பத்தி நின்றது. மஞ்சள் டாக்ஸி இல்லாத கொல்கத்தா சாலையை அன்று யாரும் கற்பனை செய்திருக்க மாட்டார்கள்; இன்று அம்பாசடரை நிறுத்தினாலே அது கடந்த காலத்து லேஅவுட். பொம்மைக் கடையில் கிடைப்பது அளவில் பெரிது. அதனால் ஆர்வலர்கள் தாமே கணினியில் வரைந்து அச்சடிக்கிறார்கள். லாரியின் முகப்பில் மணப்பெண் அலங்காரம்போல் தீட்டிய பூவையும் கண்ணையும் ஒற்றை மயிர்த் தூரிகையால் ஏற்றுகிறார்கள். அந்தக் கைகளை நான் மதிக்கிறேன்.

வண்டிகள் மட்டுமல்ல, சாலையோரங்களும் மாறிவிடுகின்றன. பர்தமான் மாவட்டம் பால்சிட் பக்கம் 1952 அக்டோபரில் சத்யஜித் ராய் ‘பதேர் பாஞ்சாலி’யின் படப்பிடிப்பைத் தொடங்கினார். அப்புவும் துர்காவும் நாணற்காட்டுக்குள் ஓடி ரயிலைப் பார்க்கும் காட்சி அது. அடுத்த வாரம் மீண்டும் போனபோது பூவையெல்லாம் மாடு மேய்ந்துவிட்டிருந்தது. மறு பூவுக்காக ஓராண்டு காத்திருந்தார்கள். இன்று பால்சிட் என்றால் லாரி ஓட்டுநர்களுக்கு நினைவு வருவது 19ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் டோல் பிளாசா. சால்ட் லேக்குக்குப் பக்கத்திலேயே புறப்பட்டு பெட்ராபோல் எல்லை வரை போகும் ஜெசூர் ரோட்டில், நூறு வயது தாண்டிய மரங்கள் இருபுறமும் கைகோத்து நிற்கின்றன. ஐந்து ரயில் மேம்பாலங்களுக்காக அவற்றில் 356 மரங்களை வெட்ட 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. மஞ்சள் தலை வைத்த மைல்கற்களை யாரும் பார்ப்பதில்லை. வழி சொல்லக் கைபேசி இருக்கிறது.

போன சாலையை அரசு ஆவணங்கள் வைத்திருக்காது. எந்தப் பக்கம் டீக்கடை, எந்த மரத்தடியில் சைக்கிள் பஞ்சர் கடை, கேட்கீப்பர் அறைச் சுவர் என்ன நிறம் என்பதெல்லாம் டெண்டர் காகிதத்தில் இராது. அவற்றை அளவோடு வைத்திருக்கக்கூடியது இந்த மேசைமேல் சாலைதான். எனவே லேஅவுட் கட்டுகிறவர்கள் ஆல்ப்ஸ் மலையை விட்டுவிட்டு, தங்கள் ஊர் சாலையின் ஒரு கிலோமீட்டரை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் லேஅவுட் கட்டாதவராக இருக்கலாம். உங்கள் ஊரில் ரயில் கேட் இன்னும் இருந்தால், வீட்டுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு போய் சாலைப் பக்கம் நின்று, எது எங்கே இருக்கிறது என்று எழுதி, நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். பாலம் கட்டும் வேலை தொடங்கிவிட்டால் அந்த இடத்தில் அளக்க எதுவும் இருக்காது.