கைப்பேசி எழுதும் செக்ரோல்

வானொலியில் நான் ஒரு பாடலைப் போட்டால், பாடாங் மேஹாவில் இருப்பவரும் கோலாலம்பூரில் இருப்பவரும் அதையேதான் கேட்பார்கள். கைப்பேசி அப்படியல்ல. ஒரே வீட்டில் அப்பாவுக்கு ஒன்று காட்டும், தங்கைக்கு வேறொன்று காட்டும். எதைத் தொட்டோம், எங்கே நின்று பார்த்தோம், எதை வாங்கினோம் என்பதையெல்லாம் சேர்த்து, 'இவர் இப்படிப்பட்டவர்' என்று குறித்து வைத்திருக்கிறது.

தோட்டத்து மக்களுக்குப் பெயர்ப்பதிவு புதிதல்ல. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவார்கள். கிராணி செக்ரோலில் பதிவார். கணக்குத் தப்பினால் ஆபீஸ் வாசலில் நின்று கேட்கலாம். இன்றைய செக்ரோலை எழுதுபவர் யாரென்றே நமக்குத் தெரியாது.

அந்தக் கணிப்பு எவ்வளவு கூர்மையானது? 2013இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 58,000க்கும் மேற்பட்டோரின் முகநூல் 'லைக்'குகளை ஆராய்ந்தார்கள். அவற்றைக் கொண்டே அரசியல் சார்பையும் மதத்தையும் பெரும்பாலும் சரியாகக் கணித்துவிட்டார்கள்.

நம் அரசாங்கமும் 2024 ஜனவரி 2ஆம் தேதி 'பாடு' தரவுத்தளத்தைத் தொடங்கியது. உதவி யாருக்குச் சேர வேண்டும் என்பதைக் குடும்ப நிலவரம் பார்த்து முடிவு செய்வதே நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால், 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. வணிக நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும். நம் விவரங்களைக் காட்டச் சொல்லலாம். தவறைத் திருத்தச் சொல்லலாம். 'விளம்பரத்துக்குப் பயன்படுத்தாதீர்கள்' என்று எழுதிக் கொடுக்கலாம். இந்த உரிமைகளை நம்மில் எத்தனை பேர் பயன்படுத்துகிறோம்?

கணக்குச் சரியாகவே இருந்தாலும், அதற்கு நேற்றைய நம்மை மட்டுமே தெரியும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இப்படியோர் இயந்திரம் கெடா தோட்டங்களுக்கு வந்திருந்தால், பால்மரம் சீவியவரின் பிள்ளைக்கும் பால்வாளியைத்தான் காட்டியிருக்கும். அந்தப் பிள்ளைகளில் பலர் ஆசிரியரானார்கள், வழக்கறிஞரானார்கள். 1996இல் திறக்கப்பட்ட கூலிம் ஹைடெக் பூங்காவில் பொறியாளராகவும் போய்ச் சேர்ந்தார்கள். 'நீ படி, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று ஒரு தாய் எடுத்த முடிவு எந்தக் கணக்கிலும் இருந்திருக்காது.

அந்த முடிவெடுக்கும் பழக்கத்தைத்தான் நாம் இழந்துவிடக் கூடாது. திரையில் வரும் கடன் விளம்பரமோ, கோபமூட்டும் காணொளியோ, 'உங்களுக்கேற்ற வேலை'யோ, எதுவானாலும் தொடுவதற்குமுன் 'இது ஏன் எனக்கு வந்தது?' என்று கேளுங்கள். பிள்ளைகளையும் கேட்கச் சொல்லுங்கள். கைப்பேசி காட்டாத படிப்பையும் வேலையையும் அவர்களே தேடிப் பார்க்கட்டும்.