நீர்க்கடுப்பு மீண்டும் மீண்டும் வருகிறதா?

சிறுநீர் கழிக்கையில் எரிச்சலும் அடிவயிற்றில் வலியுமாக வருவோரில் பலர், "சூட்டினால் வந்ததுதான், சென்ற முறை தந்த மாத்திரையையே வாங்கிச் சாப்பிட்டேன்" என்று எங்களிடம் கூறுவதுண்டு. வெயிலில் உடலில் நீர் குறைந்து சிறுநீர் அடர்ந்தாலும் எரிச்சல் தோன்றும் என்பது உண்மையே. அதற்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. தொற்று என்பது வேறு. ஆறு மாதங்களில் 2 முறையோ ஓராண்டில் 3 முறையோ தொற்று ஏற்பட்டால், அதன் காரணத்தைத் தேடியாக வேண்டும்.

குடலில் இயல்பாக வாழும் ஈ.கோலை என்னும் பாக்டீரியாவே பெரும்பாலான சிறுநீர்த் தொற்றுகளுக்குக் காரணம். பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் ஏறத்தாழ 4 செ.மீ. நீளமே உள்ளதால், அது எளிதில் சிறுநீர்ப்பையை அடைகிறது. மாதவிடாய் நின்ற பின் ஏற்படும் மாற்றங்கள், கட்டுப்படாத சர்க்கரை நோய், சிறுநீரகக் கல், ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம் ஆகியவை தொற்று திரும்புவதற்கு வழிவகுக்கின்றன. இவற்றுள் எது உள்ளது என்று அறியாமல் மாத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

நம் காரைக்கால் பகுதியில் நடவு வயலிலும் மீன் விற்பனையிலும் நாள் முழுதும் உழைக்கும் பெண்கள், அருகில் கழிப்பிடம் இல்லாமையால் தண்ணீரைக் குறைத்துக்கொள்கின்றனர், சிறுநீரையும் அடக்குகின்றனர். நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகவே நீர் அருந்தி வந்த, அடிக்கடி தொற்றுக்கு ஆளான பெண்கள், கூடுதலாக 1.5 லிட்டர் அருந்தியபோது தொற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை 2018-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே தண்ணீரும் கழிப்பிடமும் சிகிச்சையின் பகுதிகளே. அவற்றுக்கு வழிசெய்வது குடும்பத்தாரின் கடமையுமாகும். இதய நோயாளிகளும் சிறுநீரக நோயாளிகளும் மட்டும் மருத்துவர் கூறிய அளவிலேயே நீர் அருந்த வேண்டும்.

தொற்று திரும்பும் ஒவ்வொரு முறையும், மாத்திரையைத் தொடங்கும் முன்பே யூரின் கல்ச்சர் பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுங்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைத் தூய குப்பியில் பிடிக்க வேண்டும். எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து வேலை செய்யும் என்பதை 2 அல்லது 3 நாட்களில் அறியலாம். பழைய சீட்டைக் காட்டி மருந்து வாங்குவதும், எரிச்சல் நின்றவுடன் பாதியில் நிறுத்துவதும் மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கும். பின்னர் ஊசி மருந்துக்காக மருத்துவமனையில் தங்க நேரிடும்.

எரிச்சலோ காய்ச்சலோ இல்லாதபோது பரிசோதனையில் கிருமி தெரிந்தால், பெரும்பாலும் மருந்து வேண்டியதில்லை. கருவுற்றோர் இதற்கு விலக்கு. அவர்களுக்குச் சிகிச்சை கட்டாயம் தேவை.

குளிருடன் காய்ச்சல், விலாப்புற வலி, வாந்தி, சிறுநீரில் இரத்தம், சிறுநீர் வராமை, முதியோருக்குக் காய்ச்சலுடன் திடீர்க் குழப்பம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியும்வரை காத்திராதீர்கள். தொற்று சிறுநீரகத்தையோ இரத்தத்தையோ எட்டியிருக்கக்கூடும். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். வரும்போது பழைய கல்ச்சர் அறிக்கைகளையும் உண்ட மாத்திரை அட்டைகளையும் தவறாமல் கொண்டுவாருங்கள்.