கம்ப்யூட்டருக்குள் தண்ணீர்! கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி?

கம்ப்யூட்டருக்குள் தண்ணீரா என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் திகைக்கலாம். ஆனால், இன்று பல கம்ப்யூட்டர்களில் சிபியூவைக் குளிர்விக்க லிக்விட் கூலர் பொருத்தப்படுகிறது. சிபியூவின் மேல் ஒரு சிறிய பம்ப், அதிலிருந்து இரண்டு ரப்பர் டியூப்கள், மறுமுனையில் ரேடியேட்டர், அதில் விசிறிகள். கார் எஞ்சினைக் குளிர்விக்கும் அதே ஏற்பாடுதான். உள்ளே ஓடுவது கிளைக்கால் போன்ற பொருட்கள் கலந்த நீர்.

என் கம்ப்யூட்டரிலும் இது உண்டு. ஒரு நாள் காலை மேஜையைத் துடைக்கும்போது, கேபினட்டின் அடியில் ஈரம் இருப்பதைப் பார்த்தேன். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தால், கிராபிக்ஸ் கார்டின் மேல் ஒரு சொட்டு நின்றது. மகளின் திருமணப் படங்கள் அனைத்தும் அந்த ஹார்ட் டிஸ்க்கில் மட்டுமே இருந்தன. பேக்கப் எடுக்கவில்லை. நெஞ்சு படபடத்தது.

இந்த நிலையில் எல்லாருக்கும் தோன்றுவது, "ஆன் செய்து பார்ப்போம், ஓடுகிறதா?" என்பதுதான். இதனைச் செய்யவே கூடாது. ஈரமான போர்டில் மின்சாரம் பாய்ந்தால் ஷார்ட் ஆகிவிடும். முதலில் சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றவும். பவர் சப்ளை பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதனுள் மின்சாரம் தங்கியிருக்கும்.

அடுத்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினேன். நல்ல வேளை, அதில் ஈரம் இல்லை. நண்பரின் கம்ப்யூட்டரில் இணைத்துப் படங்களை நகல் எடுத்த பின்னர்தான் நிம்மதி வந்தது.

இனி கசிவு எங்கே என்று பார்ப்போம். வந்தது கூலரின் நீர்தானா என்பது முதல் கேள்வி. சுவரில் உள்ள ஏசியிலிருந்தும் சொட்டலாம். கூலரின் நீர் காய்ந்த இடத்தில் விரலை வைத்தால் பிசுபிசுப்பு தெரியும். வெறும் தண்ணீர் அப்படி ஒட்டாது. எனக்கு ஒட்டியது. கூலரின் மேல் காற்றின் ஈரம் படிந்து வேர்த்திருக்குமோ என்ற சந்தேகமும் வேண்டாம். இந்த நீர் அறையின் வெப்பநிலைக்குக் கீழே குளிராது என்பதால் வேர்க்காது.

ஈரம் தெரியும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. நீர் கீழ்நோக்கித்தான் வழியும். எனவே, நனைந்த இடங்களில் மிக உயரமானது எது என்று தேட வேண்டும். கடலில் ஓட்டும் வாட்டர் ஸ்கூட்டருக்குள் நீர் புகுந்தால், அதனைக் கரையேற்றி உலர்த்தி, உள்ளே தண்ணீர் ஊற்றி, வெளியே எங்கே சொட்டுகிறது என்று பார்ப்பார்கள். நமக்கு அவ்வளவு தேவையில்லை. டிஷ்யூ பேப்பர் போதும்.

எல்லாவற்றையும் நன்றாகத் துடைத்து உலர்த்தினேன். டியூப் பம்ப்பில் சேரும் இரண்டு இடங்கள், ரேடியேட்டரில் சேரும் இரண்டு இடங்கள் என நான்கு மூட்டுகளிலும் டிஷ்யூவைச் சுற்றினேன். மேலே உள்ள ரேடியேட்டருக்குக் கீழே, விசிறிகளின் மூலைகளிலும் துண்டுகளை ஒட்டினேன். மின்சாரம் கொடுக்காமல் இரவு முழுவதும் விட்டுவிட்டேன்.

மூட்டில்தான் பழுது, காலையில் கடைக்காரரிடம் சண்டை போட வேண்டும் என்று எண்ணியிருந்தேன். ஆனால், நான்கு மூட்டுகளும் காய்ந்திருந்தன. ஒரு விசிறியின் மூலையில் இருந்த டிஷ்யூ மட்டும் நனைந்திருந்தது. அங்கிருந்த ஸ்க்ரூவைக் கழற்றியதும் நீர் வேகமாகச் சொட்டியது.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சில வாரங்களுக்கு முன், சத்தம் போட்ட விசிறியை நானே மாற்றினேன். பழைய ஸ்க்ரூ ஒன்று தொலைந்ததால், கையில் கிடைத்ததை முடுக்கினேன். அது 5 மி.மீ. நீளம் அதிகம். அதன் நுனி ரேடியேட்டரின் நீர்க் குழாயைத் துளைத்துவிட்டது. தவறு என்னுடையது. வாரண்டி கேட்பதில் நியாயம் இல்லை.

நனைந்த பாகங்களை ஐசோபுரப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, இரண்டு நாள் உலர வைத்தேன். கிராபிக்ஸ் கார்டு பிழைத்தது. ரேடியேட்டர் ஓட்டையை ஒட்டிச் சரிசெய்ய முயலாமல், சாதாரண விசிறிக் கூலரைப் பொருத்திவிட்டேன். வீட்டு வேலைகளுக்கு அதுவே போதும்.

உங்களிடம் லிக்விட் கூலர் இருந்தால், மாதம் ஒருமுறை டார்ச் அடித்து மூட்டுகளைப் பாருங்கள். பம்ப்பில் களகளவென்ற சத்தம் தொடர்ந்தாலோ, சிபியூ வழக்கத்தை விடச் சூடானாலோ, நீர் குறைந்திருக்கலாம். ஸ்க்ரூ மாற்றும்போது பழையதன் அருகில் வைத்து நீளத்தை ஒப்பிடவும். அதற்கெல்லாம் முன்னால், இன்றே உங்கள் படங்களை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வைக்கவும்.