மரை தெரியாமல் ஸ்பேனர் எடுக்காதீர்கள்!

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏறும் சாலையில் விடுமுறை நாள் காலையில் நின்று பாருங்கள். ஹெல்மெட்டும் இறுக்கமான சட்டையுமாக, வளைந்த ஹேண்டில்பாரைப் பற்றிக்கொண்டு சைக்கிள்காரர்கள் ஏறிக்கொண்டிருப்பார்கள். இவர்களில் ஒரு சாராருக்குப் புது வண்டி அலுத்துவிட்டது. கார்பன் ஃபைபரும் டிஸ்க் பிரேக்கும் போதும், பழைய இரும்பு வண்டிதான் வேண்டும் என்கிறார்கள். அதிலும் பிரான்சில் செய்த ரேஸ் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். பியூஜோ, மோட்டோபெக்கான், ஜிட்டான், மெர்சியே என்று பெயர்களை அடுக்குகிறார்கள். எங்காவது ஒன்று கண்ணில் பட்டால் விலை பேசி, வீட்டுக்குத் தூக்கிவந்து, அன்று மாலையே பிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

ஆபத்து அந்த மாலையில்தான் இருக்கிறது. பல ஆண்டு மழைக்கும் மூடுபனிக்கும் தாக்குப்பிடித்த வண்டி, ஆர்வமுள்ள ஒருவர் கையில் அரை மணி நேரத்தில் வீணாகிவிடும்.

பிரெஞ்சு சைக்கிள்கள் தமிழ்நாட்டில் அபூர்வம். வருவதற்கு ஒரு வழி புதுச்சேரி. 1954 நவம்பர் 1இல் ஆட்சி மாறிய பிறகும் பிரெஞ்சுக் குடியுரிமையோடு அங்கே பல தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. பாரீசுக்கும் புதுச்சேரிக்கும் போக்குவரத்தாக இருந்தவர்கள் வீட்டுச் சாமான்களோடு சைக்கிளையும் கொண்டுவந்தார்கள். அருவங்காட்டில் ஒரு வீட்டு விறகுக் கொட்டகையில் நான் பார்த்த பியூஜோ வண்டியும் அப்படி வந்து, உறவுக்காரர் கைமாறி மலையேறியதுதான் என்கிறார்கள் வீட்டார். நீல நிறம், பத்து கியர், தோல் சீட் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. வாங்கிய ரசீது கிடையாது. எந்த வருடத்து வண்டி என்று யாருக்கும் தெரியாது.

வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் எல்லோரும் தேடுவது வரிசை எண்ணை. பிரெஞ்சு வண்டிகளில் அதை வைத்து வருடம் சொல்வது பெரும்பாலும் நடக்காது. எண்ணுக்கும் ஆண்டுக்கும் பொருத்தம் காட்டும் நம்பகமான முழுப் பட்டியல் இல்லை. நம் ஊர்த் தாத்தாக்களின் ராலே வண்டி இந்த விஷயத்தில் வசதியானது. அதில் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இருந்தால், அதன் மேலேயே ஆண்டைப் பொறித்திருப்பார்கள். பிரெஞ்சு வண்டியில் உறுப்பு உறுப்பாகத்தான் சாட்சி கேட்க வேண்டும்.

பின்சக்கரத்தைக் கழற்றி, அது உட்காரும் இரண்டு கவைகளுக்கும் நடுவே அளந்து பாருங்கள். 120 மில்லிமீட்டர் என்றால் ஐந்து பல்சக்கர ஃப்ரீவீலுக்குச் செய்த ஃப்ரேம். 126 என்றால் ஆறு பல்சக்கரக் காலம், அதாவது பெரும்பாலும் எழுபதுகளின் பிற்பகுதிக்கு இப்பால். கேபிளைத் தாங்கும் கொக்கிகள் ஃப்ரேமில் பட்டை போட்டு முடுக்கியவையா, பற்றவைத்தவையா என்று பார்க்க வேண்டும். பட்டையென்றால் வண்டி மூத்தது. கியர் மாற்றும் கருவி சிம்ப்ளெக்ஸ் நிறுவனத்தின் கறுப்புப் பிளாஸ்டிக் வகையா? அது அறுபதுகளின் தொடக்கத்தில் வந்தது, அதற்கு முன்பு கிடையாது. பின்சக்கர ஹப் மையார் நிறுவனத்துடையது என்றால் துடைத்துப் பாருங்கள். சிலவற்றில் வாரமும் வருடமும் சிறிய எண்களாகப் பொறித்திருக்கும்.

ஸ்டிக்கரும் பேசும். பியூஜோ ரேஸ் அணி கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சட்டைக்கு மாறியது 1963இல். எடி மெர்க்ஸ் 1966இல் மிலான்-சான்ரெமோ பந்தயத்தை வென்றதும், பெர்னார் தெவெனே 1975, 1977இல் டூர் டி பிரான்ஸ் வென்றதும் அந்தச் சட்டையில்தான். ஃப்ரேமில் அதே கட்டம் இருந்தால் 1963க்கு முந்திய வண்டி அல்ல என்று தைரியமாகச் சொல்லலாம். '531' என்ற எண் போட்ட ரெனால்ட்ஸ் ஸ்டிக்கர் இருந்தால் தரமான குழாய். அந்தக் குழாய் 1935இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. பிரெஞ்சுக்காரர்களுக்கென்று மில்லிமீட்டர் கணக்கிலும் இழுத்துக் கொடுத்தார்கள்.

ஒற்றை உறுப்பை நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது. சக்கரம் மாறியிருக்கும், பெடல் மாறியிருக்கும். வண்டியோடு பிறந்த உறுப்புகளில் எது கடைசியாகச் சந்தைக்கு வந்ததோ, வண்டி அதைவிட மூத்ததாக இருக்க முடியாது. அருவங்காட்டு வண்டியில் 120 மில்லிமீட்டர் இடைவெளி, பட்டை போட்ட கொக்கிகள், பிளாஸ்டிக் சிம்ப்ளெக்ஸ், மஃபாக் பிரேக், கட்டம் போட்ட ஸ்டிக்கர். அறுபதுகளின் இறுதிக்கும் எழுபதுகளின் நடுவுக்கும் இடைப்பட்டது. அதற்குமேல் துல்லியம் கேட்டால் கிடைக்காது, தேவையும் இல்லை.

எல்லாத் தலைவலியும் மரையில்

இனிதான் முக்கியமான விஷயம். நம் நாட்டு சைக்கிள் இங்கிலாந்து வண்டியின் வாரிசு. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., ராலே என்று பெயரிலிருந்து மரை வரை அங்கிருந்து வந்தது. அம்பத்தூரில் சைக்கிள் செய்யத் தொடங்கியதும் இங்கிலாந்துக் கூட்டோடுதான். 1956இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்து, துணி மீட்டருக்கும் அரிசி கிலோவுக்கும் மாறிய பிறகும் சைக்கிளின் மரை அங்குலக் கணக்கிலேயே தங்கிவிட்டது. ஆகவே நம் மெக்கானிக்கின் கை அங்குலத்துக்குப் பழகிய கை. பிரெஞ்சு வண்டியோ மீட்டரைக் கண்டுபிடித்த நாட்டின் பிள்ளை. தலை முதல் கால் வரை மில்லிமீட்டர்.

பெடல் கிராங்கைத் தாங்கும் பி.பி. (பாட்டம் பிராக்கெட்) கப்பையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்துக் கப்பின் விட்டம் 1.370 அங்குலம், அதாவது ஏறத்தாழ 34.8 மில்லிமீட்டர். பிரெஞ்சுக் கப் 35 மில்லிமீட்டர். இங்கிலாந்துக் கப்பில் அங்குலத்துக்கு 24 மரை, பிரெஞ்சுக் கப்பில் மரைக்கும் மரைக்கும் இடைவெளி சரியாக ஒரு மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்! இங்கிலாந்துக் கப் கொஞ்சம் சிறியது என்பதால் பிரெஞ்சு ஃப்ரேமின் இடப்பக்கத்தில் முதல் சுற்று சுலபமாக ஏறிவிடும். 'பொருந்திவிட்டது' என்று மனம் மகிழும். பிறகு கடிக்கத் தொடங்கும். அப்போது நீளமான ஸ்பேனரைப் போட்டு முடுக்கினால் ஃப்ரேமின் மரை மழித்து எடுத்த மாதிரி ஆகிவிடும்.

வலப்பக்கம் இன்னும் மோசம். இங்கிலாந்து வண்டியில் செயின் பக்கத்துக் கப் இடது மரை. அதைக் கழற்ற வலப்பக்கமாகத் திருப்ப வேண்டும். நம் ஊர் மெக்கானிக் எல்லோருக்கும் இது கைவந்த பாடம். பழைய பிரெஞ்சு வண்டியில் இரண்டு பக்கமும் வலது மரைதான். பழக்கத்தில் வலப்பக்கம் திருப்பினால் கப் கழலாது, இன்னும் இறுகும். இறுக இறுக 'துரு பிடித்துவிட்டது' என்று நினைத்துச் சுத்தியலும் உளியும் எடுப்பார்கள்.

அருவங்காட்டு வண்டியின் வலது கப் விளிம்பில் அப்படிப்பட்ட உளிக் காயங்கள் இருக்கின்றன. யாரோ எப்போதோ முயன்றிருக்கிறார்கள். கடைசியில் அதைக் கழற்றிக் கொடுத்தவர் அக்கம்பக்கத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற டர்னர், அதாவது லேத் தொழிலாளி. ஸ்பேனரை அவர் தொடவேயில்லை. முதலில் மரை கேஜை எடுத்து, வெளியே தெரிந்த இடது கப்பின் மரையில் ஒவ்வொரு தகடாக வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு மில்லிமீட்டர் தகடு இடுக்கு விடாமல் உட்கார்ந்தது. வெர்னியரில் விட்டம் 35க்கு ஒரு மயிரிழை குறைவு. இரண்டையும் தாளில் எழுதினார். துரு இளக்கும் எண்ணெயை விட்டு இரவெல்லாம் ஊறப் போட்டார். மறுநாள் வலது கப்பின் தட்டை முகத்தை பெஞ்ச் வைஸில் கவ்வவைத்து, ஃப்ரேமையே ஸ்டீயரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடித்து இடப்பக்கமாகத் திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு கையாலேயே சுழன்று வந்துவிட்டது. உள்ளே கிரீஸ் கறுத்துக் கெட்டியாகியிருந்தது, பால்ஸ் துருவேறியிருந்தது. மரைக்கு ஒரு சேதமும் இல்லை.

பி.பி.யோடு முடிவதில்லை. பெடல் மரை பிரான்சில் 14 மில்லிமீட்டர், நம் ஊரில் பதினாறில் ஒன்பது அங்குலம். பெடல் அச்சில் ஆர், எல் என்பதற்குப் பதிலாக டி, ஜி என்று இருந்தால் பிரெஞ்சு என்று புரிந்துகொள்ளுங்கள். ஃப்ரீவீல் மரை 34.7 மில்லிமீட்டர். இங்கிலாந்து அளவு ஃப்ரீவீலை அதில் திணித்தால் அலுமினிய ஹப் போய்விடும். ஹேண்டில்பார் தண்டு 22 மில்லிமீட்டர், நம் கடையில் கிடைப்பது 22.2. பழைய ஸ்ட்ராங்லைட் கிராங்கைக் கழற்றும் புல்லரின் மரை 23.35 மில்லிமீட்டர். சாதாரண 22 மில்லிமீட்டர் புல்லரைப் போட்டு இழுத்தால் கிராங்கின் மரை உரிந்து வரும், பிறகு அதை எதைக் கொண்டு கழற்றுவது? எழுபதுகளின் பிற்பகுதியில் பிரெஞ்சு நிறுவனங்கள் சில சுவிஸ் மரைக்குத் தாவி, எண்பதுகளில் இங்கிலாந்து மரைக்கே வந்துவிட்டன. சுவிஸ் மரையில் அளவெல்லாம் பிரெஞ்சு, செயின் பக்கம் மட்டும் இடது மரை. அதனால்தான் அளக்காமல் எதையும் தொடாதீர்கள் என்கிறேன்.

மலைக்கு என்று சில விதிகள்

நீலகிரியில் இரண்டு பருவமழையும் உண்டு. இடைப்பட்ட நாளில் மூடுபனி. ஃப்ரேம் வெளியே பளபளத்தாலும் குழாய்க்குள் துரு ஓடியிருக்கும். சீட் தண்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். அலுமினியத் தண்டு இரும்புக் குழாய்க்குள் பல வருடம் அசையாமல் இருந்தால் இரண்டும் ஒட்டிப்போகும். எண்ணெய் விட்டுப் பொறுமையாக இருக்க வேண்டும், அடிக்கக் கூடாது. வெளித் துருவுக்கு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் போதும். கையுறை போட்டுக்கொண்டு செய்தால் பழைய பெயிண்டுக்குப் பெரிய சேதமில்லாமல் துரு மட்டும் கரையும். முன்பக்க பேட்ஜைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், அதிலுள்ள வண்ணம் போய்விடும்.

குரோம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். குன்னூர் இறக்கத்தில் அது உயிர் விஷயம். 700சி என்ற அளவில் அலுமினிய ரிம் போட்டு, இரும்புச் சக்கரத்தைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். 700சி டயர் இப்போது நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கிறது. ஆவா என்ற பெயர் பொறித்த பழைய அலுமினிய ஹேண்டில் தண்டு இருந்தால் அதைச் சாலையில் ஓட்டாதீர்கள். கீழே வெட்டுப் பிளவிலிருந்து விரிசல் விட்டு முறியும் என்று உலகெங்கும் பெயர் வாங்கியது அது. சிம்ப்ளெக்ஸ் பிளாஸ்டிக்கும் வயதாகி வெடிக்கும்.

'எதற்கு இவ்வளவு பாடு? ஃப்ரேமை இத்தாலி அளவுக்கு மரை வெட்டிவிட்டு, கிடைக்கிற சாமானைப் போட்டுப் புதுப் பெயிண்ட் அடித்தால் வண்டி ஓடுமே' என்பவர்கள் இருக்கிறார்கள். ஓடும்தான். ஆனால் ஒருமுறை வெட்டிய மரையைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. பிரெஞ்சு அளவில் கப்பும் அச்சும் வெளிநாட்டில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். மரை முற்றிலும் போன ஃப்ரேமுக்கு மரையே தேவைப்படாமல் உள்ளே விரிந்து பிடிக்கும் பி.பி.யும் உண்டு. வெட்டுவது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

டர்னர்கள் போனால்?

எனக்கு உண்மையில் கவலை சைக்கிளைப் பற்றியது மட்டுமல்ல. அருவங்காடு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கார்டைட் தொழிற்சாலையை ஒட்டி வளர்ந்த ஊர். ஃபிட்டர், டர்னர் என்று வாழ்நாளைக் கழித்தவர்கள் இங்கே உண்டு. விரல் நகத்தை மரையில் ஓட்டியே அங்குலமா மில்லிமீட்டரா என்று சொல்லிவிடுவார்கள் அவர்கள். அந்தத் தலைமுறை ஓய்வுபெற்றுவிட்டது. பிள்ளைகள் கோவைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். இன்று லேத் வேலை கற்கும் பையன் கணினியில் எண்ணைத் தட்டுகிறான். அது காலத்தின் தேவை, குறை சொல்லவில்லை. ஆனால் கடையில் கிடைக்காத ஒரே ஒரு கப்பை, ஒரே ஒரு அச்சைக் கடைந்து கொடுக்கும் கைகள் எங்கே போகும்?

இதே மலையில் வேறொரு பாடம் இருக்கிறது. 1908இல் ஊட்டியைத் தொட்ட மலை ரயிலுக்கு சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த எஞ்சின்கள் வந்தன. அந்த எஞ்சின்களுக்குக் கடையில் போய் உதிரிபாகம் வாங்க முடியாது. அளந்து, வரைந்து, நம்மவர்களே செய்து ஓட்டினார்கள். திருச்சி பொன்மலைப் பணிமனை 2011இல் அதே ரகத்தில் புது நீராவி எஞ்சினையே கட்டி அனுப்பியது. அளவும் வரைபடமும் கையில் இருந்ததால்தான் அது முடிந்தது. ஒரு சைக்கிள் கப்புக்கு அதில் நூறில் ஒரு பங்கு அக்கறை போதாதா?

ஆகவே, வீட்டுப் பரணில், கொட்டகையில் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிரிக்கும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். ஒரு வெர்னியரும் ஒரு மரை கேஜும் வாங்குங்கள், இரண்டும் சேர்ந்து ஒரு புது டயர் செட்டைவிட அதிகம் ஆகாது. கழற்றிய எந்த உறுப்பையும் பழைய இரும்புக்காரருக்குப் போடாதீர்கள். பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற டர்னர் ஒருவர் இருந்தால் வண்டியை உருட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். ஐ.டி.ஐ. படிக்கும் ஒரு பையனையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள். அவர் அளந்து சொல்வதை அந்தப் பையன் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.