சிரிப்பில் தப்பிய நாயகன்

கோவையிலிருந்து திருச்சி சாலையில் கிழக்கு நோக்கிச் செல்பவர்கள் ராமநாதபுரம், சிங்காநல்லூர் ஆகிய பகுதிகளைக் கடந்து சூலூரை அடைவார்கள். ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் நீளமுள்ள இந்தச் சாலைக்குத் தமிழ் சினிமா வரலாற்றில் இரட்டைப் பெருமை உண்டு. தமிழ்த் திரையின் வீரநாயகன் வளர்ந்ததும் இங்கேதான். அவனைக் கேலி செய்த கலைஞர்கள் சிலர் புறப்பட்டு வந்ததும் இந்த வட்டாரத்திலிருந்துதான்.

சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ இயங்கிய காலம் ஒன்று இருந்தது. ஜூபிடர் நிறுவனம் அங்கு எடுத்த 'ராஜகுமாரி' (1947) படத்தில்தான் எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகன் ஆனார். அப்படத்தில் அவருடன் மோதிய 'சாண்டோ' சின்னப்பா தேவர், ராமநாதபுரத்துக்காரர். பின்னாளில் தேவர் பிலிம்ஸைத் தொடங்கி, 1956-இல் வெளிவந்த 'தாய்க்குப் பின் தாரம்' முதல் எம்.ஜி.ஆரை வைத்துப் பதினாறு படங்கள் தயாரித்தார்.

கோவையிலேயே இருந்த பட்சிராஜா ஸ்டூடியோவில் ஸ்ரீராமுலு நாயுடு இயக்கித் தயாரித்த 'மலைக்கள்ளன்' (1954) இன்னும் முக்கியமானது. ஒரு பக்கம் வணிகர், மறுபக்கம் ஏழைகளுக்கு உதவும் கள்வர் என வேடமிட்டு வாழும் நாயகனின் கதை அது. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படமும் அதுவே. தெலுங்கு, கன்னடம், மலையாளம், ஹிந்தி, சிங்களம் ஆகிய மொழிகளிலும் அக்கதை எடுக்கப்பட்டது. எம்.ஜி.ஆர். ஏற்ற வேடத்தை ஹிந்தியில் ('ஆசாத்', 1955) ஏற்றவர் திலீப் குமார்.

ஒரே கதை ஆறு மொழிகளில் விலைபோனது ஏன்? திரைப்படம் என்பது வாங்கி நுகர்ந்த பிறகே தரம் தெரியவரும் பண்டம். நுழைவுச்சீட்டு வாங்கும் ரசிகருக்கு உள்ளே என்ன கிடைக்கும் என்பது தெரியாது. முதலீடு செய்யும் தயாரிப்பாளருக்கோ யார் வருவார்கள் என்பது தெரியாது. இந்த இருபக்க நிச்சயமின்மையைக் குறைக்கும் எழுதப்படாத ஒப்பந்தமே சூத்திரம். நாயகன் தோற்கமாட்டான், தாய் ஆசீர்வதிப்பாள், வில்லன் இறுதிக் காட்சியில் வீழ்வான் என்பவை அந்த ஒப்பந்தத்தின் ஷரத்துகள். சூத்திரத்தைக் கற்பனை வறட்சி என்று மட்டும் கருதுவது தவறு. அது ஒருவகைக் காப்பீடும்கூட.

ஆனால், எந்தப் பண்டத்தையும் தொடர்ந்து நுகரும்போது அடுத்தடுத்த அலகு தரும் நிறைவு குறைந்துகொண்டே போகும். ஐந்தாவது முறை கைதட்ட வைத்த காட்சி, ஐம்பதாவது முறை கொட்டாவியை வரவழைக்கும். ஐந்நூறாவது முறை சிரிப்பை வரவழைக்கும். அந்தச் சிரிப்பையே ஒருவர் திட்டமிட்டு விற்கத் தொடங்கினால் அது பகடிப் படம். பகடிக்கான மூலதனம், பிறர் அரை நூற்றாண்டாகச் செலவிட்டு மக்கள் நினைவில் சேர்த்துவைத்த காட்சிகள். பகடி எடுப்பவர் அதற்கு வாடகை கொடுப்பதில்லை.

இந்தச் சிரிப்பு நமக்குப் புதிதல்ல. தெருக்கூத்தில் ராஜா கொலுவீற்றிருக்கும்போதே கட்டியங்காரன் அவரைக் கிண்டல் செய்வதுண்டு. திரையில், ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் சினிமா எடுக்கத் துடிக்கும் நாகேஷ், பாலையாவிடம் திகில் கதை சொல்லும் காட்சியை மறக்க முடியுமா? ஒரு திகில் படத்தின் முழு உத்தியும் அதில் வாய்மொழியாகவே உரித்துக் காட்டப்பட்டது.

பின்னர் இந்தப் பொறுப்பைக் கொங்கு மண்ணின் கலைஞர்கள் ஏற்றார்கள். உடுமலைப்பேட்டைப் பகுதியில் பிறந்த கவுண்டமணி, கதாநாயகனின் அருகில் நின்றுகொண்டே, ரசிகர் மனதில் எழும் சந்தேகத்தை உரத்துக் கேட்டார். கோவையில் பிறந்த சத்யராஜும், சூலூர் தந்த இயக்குநர் மணிவண்ணனும் சேர்ந்து நையாண்டியையே படத்தின் மையத்துக்குக் கொண்டுவந்தார்கள். 'கோயமுத்தூர் குசும்பு' என்று நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்வது திரையில் ஒரு பாணியாகவே நிலைபெற்றது.

2006-இல் சிம்புதேவன் இயக்கிய 'இம்சை அரசன் 23-ஆம் புலிகேசி' வெளிவந்தது. பிரிந்த இரட்டையர், சூழ்ச்சிக்கார மாமன், வாள்சண்டை என்று ராஜா ராணிப் படங்களின் அத்தனை உறுப்புகளும் அதில் இருந்தன. வாளேந்திய நாயகர்களின் இடத்தில் வடிவேலு நின்றார் என்பதே வேறுபாடு. அவரே நம்முடைய கௌபாய் படங்களைக் கேலி செய்து 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' (2010) எடுத்தார்.

அதே ஆண்டு ஜனவரியில் வெளிவந்த சி.எஸ். அமுதனின் 'தமிழ் படம்' முழுநீளப் பகடியின் உச்சம். ஆண் குழந்தைகள் பெரியவர்களானால் சினிமா நாயகர்களாகிவிடுவார்கள் என்று அஞ்சி, பிறந்தவுடன் அவர்களைக் கொன்றுவிடும் சினிமாப்பட்டி என்ற கிராமத்தில் கதை தொடங்குகிறது. தப்பிப் பிழைத்த சிறுவன் சைக்கிள் பெடலைச் சுற்றும்போதே வாலிபனாகிறான்; ஒரே பாடலில் கோடீஸ்வரனாகிறான். அவன் தேடி அலையும் கொடூர வில்லன் இறுதியில் அவனுடைய பாட்டியாகவே இருக்கிறார். உச்ச நட்சத்திரம் எவரும் இல்லாத அந்தப் படத்தில், கதாநாயகன் சிவாவின் உணர்ச்சியற்ற முகமே பெரிய பலமாக அமைந்தது.

நகைமுரண் என்னவென்றால், 'புலிகேசி'யைத் தயாரித்தவர் பிரம்மாண்டப் படங்களுக்குப் பெயர்பெற்ற இயக்குநர் ஷங்கர். மறு ஆண்டே அவர் ரஜினிகாந்தை வைத்து 'சிவாஜி' (2007) எடுத்தார். அதில் இறந்துபோனதாகக் கருதப்படும் நாயகன், எம்.ஜி. ரவிச்சந்திரன் என்ற பெயரில் மொட்டைத் தலையுடன் திரும்பி வருகிறான். சுருக்கமாகச் சொன்னால் எம்.ஜி.ஆர்.! தன்னுடைய பிம்பத்தையும் தனக்கு முந்தைய பிம்பத்தையும் வைத்து நட்சத்திரமே விளையாடும் தருணம் அது. சூத்திரத்தை விற்கும் கடையிலேயே அதைக் கேலி செய்யும் சரக்கும் விற்பனைக்கு வந்துவிட்டது.

இங்கே இரண்டு வகைப் பகடிகளைப் பிரித்துப் பார்ப்பது அவசியம். ஒன்று, காப்பாற்ற வேண்டிய பிம்பம் எதுவும் இல்லாதவர் வெளியிலிருந்து செய்வது; 'தமிழ் படம்' அத்தகையது. மற்றொன்று, நட்சத்திரமே தன்னைத்தானே மெல்லக் கிண்டல் செய்துகொள்வது. முதல் வகை சூத்திரத்தின் விலையைக் குறைக்கிறது. இரண்டாம் வகை அதற்கு ஆயுள் நீட்டிப்பு வழங்குகிறது. 'இது நம்ப முடியாதது என்று எனக்கும் தெரியும்' என நாயகன் கண்சிமிட்டிவிட்டால், அதன் பிறகு ரசிகர் கேள்வி கேட்க முடியாது. முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிட்டு அதே தவறைத் தொடர்ந்து செய்வது போன்றது அது.

ஹாலிவுட்டின் அனுபவமும் இதுவே. 1993-இல் வெளிவந்த 'லாஸ்ட் ஆக்ஷன் ஹீரோ' படத்தில் அர்னால்டு ஷ்வார்ஸ்நேகர் தன்னுடைய அடிதடி பிம்பத்தையே பகடிக்கு உட்படுத்தினார். இயக்கியவர், 'டை ஹார்ட்' என்ற புகழ்பெற்ற சண்டைப் படத்தைத் தந்த ஜான் மெக்டியர்னன். 'ஜுராசிக் பார்க்' வெளியான மறுவாரம் வந்த அப்படம் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு 'டெட்பூல்' (2016), ரசிகர்களைப் பார்த்துப் பேசிக்கொண்டும் தன் படத்தையே கேலி செய்துகொண்டும் எதிரிகளை வெட்டிச் சாய்த்தது. பெரும் வசூலையும் ஈட்டியது. இடைப்பட்ட காலத்தில் சுயகிண்டலே சூத்திரத்தின் இன்னொரு ஷரத்தாக மாறியிருந்தது.

சிரிப்பதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். குற்றம் ஏதுமில்லை. நாம் எதைப் பார்த்துச் சிரிக்கிறோம், எதைச் சிரிக்காமல் விட்டுவிடுகிறோம் என்பதே என் கேள்வி. நம்முடைய பகடிப் படங்கள் பெரும்பாலும் நாயகனின் இயற்பியலைத்தான் கேலி செய்கின்றன. ஒரே அடியில் பத்துப் பேர் பறப்பதும், தோட்டா அவனை மட்டும் தீண்டாமல் விலகுவதும் நமக்கு நகைச்சுவையாகின்றன. ஆனால், நாயகனின் நீதியியல் அநேகமாகக் கேலிக்கு உள்ளாவதே இல்லை. சட்டம் தாமதிக்கும், நீதிமன்றம் ஏமாந்துவிடும், எனவே ஒரு நல்லவன் தானே தீர்ப்பெழுதித் தானே நிறைவேற்றலாம் என்பதே அந்த நீதியியல். பறக்கும் மனிதர்களை நாம் நம்பவில்லை. இதை மட்டும் நம்பிவிட்டோம்.

மலைக்கள்ளன் காலத்தில் இந்த நீதியியலுக்கு ஒரு நியாயம் இருந்தது. அவன் அதிகாரத்துக்கு வெளியே நின்றவன். ஏழையின் பக்கம் இருந்தவன். பிற்காலத்தில் அதே நாயகன் காக்கிச் சட்டை அணிந்தான். 2003-இல் மட்டும் 'காக்க காக்க', 'சாமி' என்ற இரு வெற்றிப் படங்கள், விசாரணையின்றிக் கொல்லும் காவல் அதிகாரியைக் கொண்டாடின. கள்வனிடம் இருந்தபோது எளியவரின் எதிர்ப்பாக இருந்தது, அரசு ஊழியரின் கைக்கு வந்ததும் அதிகார மீறலாகிவிட்டது. கைதட்டல் மட்டும் மாறவில்லை.

திரைக்கு வெளியே இதற்கு விலை உண்டு. காவல் துறை மோதல் மரணங்களை எப்படி விசாரிக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2014-இல் பதினாறு வழிகாட்டு நெறிகளை வகுக்க வேண்டியிருந்தது. 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் காவலில் வைக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்தபோது தமிழகம் அதிர்ந்தது. அப்போது, 'சாமி', 'சிங்கம்' வரிசைப் படங்களை இயக்கிய ஹரி ஓர் அறிக்கை வெளியிட்டார். காவல் துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அதில் அவர் கூறியிருந்தார். வெற்றிகரமான ஒரு சூத்திரத்தின் உற்பத்தியாளரே அதைப் பற்றி வருந்தியது அரிதான நிகழ்வு. எத்தனையோ பகடிகள் தொடத் தயங்கிய இடத்தை இரண்டு மரணங்கள் தொட்டன.

அந்த இடத்தைத் திரை முன்பே தொட்டிருந்தது, ஆனால் சிரிப்பின் வழியாக அல்ல. கோவையில் ஆட்டோ ஓட்டிய எழுத்தாளர் மு. சந்திரகுமார், தான் காவல் நிலையத்தில் பட்ட துன்பத்தை 'லாக்கப்' என்ற நூலாக எழுதினார். அதனை அடிப்படையாகக் கொண்டு வெற்றிமாறன் இயக்கிய 'விசாரணை' (2015), அதே காக்கிச் சட்டையை அடி வாங்குபவனின் இடத்திலிருந்து காட்டியது. மலைக்கள்ளனைத் தந்த நகரமே அவனுடைய வாரிசுக்கு எதிரான சாட்சியத்தையும் தந்தது என்பதை நான் தற்செயலாக மட்டும் கருதவில்லை.

அப்படியானால் பகடியால் இது இயலாதா? இயலும் என்பதற்கு 'அமைதிப்படை' (1994) சான்று. மணிவண்ணன் இயக்கிய அப்படத்தில் சத்யராஜுக்கு இரு வேடங்கள்: கோயிலில் தேங்காய் பொறுக்கித் திரிந்து அரசியல்வாதியாகும் தந்தை, அவரை எதிர்க்கும் காவல் அதிகாரியான மகன். மகன் சூத்திரத்தின் நாயகன். இன்று அவனை யாரும் நினைப்பதில்லை. வாக்கு எண்ணிக்கையில் முன்னிலை கூடக்கூட, பணிந்து நின்றவர் சிறிது சிறிதாக நிமிர்ந்து, கடைசியில் கால்மேல் கால் போட்டு அமரும் அந்தத் தந்தையின் காட்சியை முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் எவரும் மறக்கவில்லை. அந்தச் சிரிப்பு அதிகாரம் மனிதனை என்ன செய்கிறது என்பதைப் பற்றியது. அதில் யாரும் காற்றில் பறக்கவில்லை.

1605-இல் செர்வான்டிஸ் 'டான் கிஹோத்தே' நாவலின் முதல் பாகத்தை வெளியிட்டபோது, வீரசாகசக் கதைகளைக் கேலி செய்வதே தன் நோக்கம் என்றார். அவர் கேலி செய்த கதைகளை இன்று ஆய்வாளர்கள் மட்டுமே படிக்கிறார்கள். அவருடைய நூலை உலகம் படிக்கிறது. காரணம், அவர் வாள்வீச்சைக் கேலி செய்ததோடு நிறுத்தவில்லை. தானே உலகின் அநீதிகளைத் திருத்தப் பிறந்தவன் என்ற மனிதனின் மயக்கத்தையும் கேள்விக்கு உட்படுத்தினார்.

நம்முடைய பகடிப் படங்களிடமிருந்தும் அதை எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டு. அடுத்த முறை திரையரங்கில் வாய்விட்டுச் சிரித்துவிட்டு வெளியே வரும்போது நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்ளலாம். இந்தப் படத்துக்குப் பிறகும், விசாரணையின்றி ஒருவரைச் சுட்டுக் கொல்லும் நாயகனுக்கு நம்மால் பழையபடி விசிலடிக்க முடியுமா? முடியும் என்றால், சிரித்தது நாம், தப்பியது அவன்.